செங்காது ஆமையின் தொட்டி: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்கும் வழிமுறை

மீன் கடைகளில் 3, 4 சென்ரிமீற்றர் நீளக் குஞ்சாக விற்கப்படும் செங்காது ஆமையை வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திருகோணமலை நகரிலும் உப்புவெளி, சாம்பல்தீவுப் பக்கத்திலும் கண்ணாடித் தொட்டி ஒட்டிக் கொடுக்கவும் பழுது பார்க்கவும் போகும் வீடுகளில் திரும்பத் திரும்பக் காணும் கோளாறுகளே இதில் உள்ளன. குளிர் நாட்டவருக்காக எழுதப்பட்ட வழிகாட்டிகளைப் பார்த்து இங்கே பலரும் முதலில் வாங்குவது தண்ணீரைச் சூடாக்கும் ஹீற்றரைத்தான். நம்முடைய ஊரில் அது பெரும்பாலான மாதங்களில் தேவைப்படாத பொருள். இங்கே வீட்டுக்குள் இருக்கும் தொட்டிக்கு வெயில் போதாது, முற்றத்தில் இருக்கும் தொட்டிக்கு நிழல் போதாது. கீழே வரும் கோளாறுகளில் பெரும்பகுதி இந்த இரண்டிலிருந்தே கிளைக்கின்றன.

வயலிலும் குளத்திலும் அகப்படும் பாலாமை, கறுப்பாமை, பற்றைக் காட்டில் அகப்படும் நட்சத்திர ஆமை, கடற்கரையில் அகப்படும் கடலாமைக் குஞ்சு ஆகியவற்றுக்கு இது பொருந்தாது. அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அவற்றை வீட்டுத் தொட்டியில் வைக்காமல் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

உங்கள் ஆமை ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதந்தாலோ வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மற்றவற்றை விட்டுவிட்டு நேரே அந்தத் தலைப்புக்குப் போங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில் எடுக்க வேண்டிய அளவுகள்

தண்ணீரின் வெப்பநிலையைப் பிற்பகல் 2 மணிக்கு ஒருமுறையும் விடியற்காலையில் ஒருமுறையும் பாருங்கள். 24 முதல் 28 பாகை செல்சியசுக்குள் இருக்க வேண்டும். வெயில் காயும் மேடையின் வெப்பநிலையை, விளக்குக்குப் பக்கத்தில் அளக்காமல், ஆமையின் முதுகு இருக்கும் உயரத்தில் அளவிடுங்கள்; 30 முதல் 34 பாகை வரை நல்லது. ஓட்டின் நீளத்தை, வளைவின் மேல் நாடாவை ஓட்டாமல், முன் விளிம்பிலிருந்து பின் விளிம்புக்கு நேர்கோட்டில் அளந்து, ஒவ்வொரு 2.5 சென்ரிமீற்றருக்கும் ஏறத்தாழ 40 லீற்றர் தண்ணீர் இருக்கிறதா என்று கணக்கிடுங்கள். 10 சென்ரிமீற்றர் ஆமைக்கு 160 லீற்றர் என்றதும் பலர் திகைப்பார்கள். ஆனால் கடையில் ஆமையோடு சேர்த்துத் தரும் பிளாஸ்டிக் கிண்ணத்தில், நடுவில் பிளாஸ்டிக் தென்னைமரம் நிற்கும் அந்தக் கிண்ணத்தில், இரண்டு லீற்றர் கூட நிற்பதில்லை. தண்ணீரின் ஆழம் ஓட்டின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்காவது இருக்கட்டும். ஆழம் ஓட்டின் அகலத்தை விடக் குறைந்தால், தற்செயலாகக் குப்புறப் புரளும் ஆமை திரும்ப முடியாமல் மூழ்கி இறக்கக்கூடும்.

அறிகுறி: தண்ணீர் இரண்டு நாளில் கலங்கி நாறுகிறது

மிக அதிகமாக வரும் முறைப்பாடு இதுதான். பெரும்பாலானோர் முதல் நடவடிக்கையாகப் புதிய பில்டர் வாங்குகிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய செலவு.

முதலில் உணவைப் பாருங்கள். ஆமை தின்பதை விடக் கலைத்துப் போடுவது அதிகம். உணவு நேரத்தில் அதை வேறொரு பேசினில், அதே தொட்டித் தண்ணீரில் விட்டு, 20 நிமிடம் கழித்துத் திரும்ப எடுத்து விட்டால் அழுக்கில் பெரும்பகுதி பேசினோடு போய்விடும். ஒரு வேளைக்கு அதன் தலைக்குள் அடங்கும் அளவு உருண்டைத் தீனி போதும். குஞ்சுக்குத் தினமும், வளர்ந்ததற்கு ஒன்றுவிட்ட ஒரு நாளும் கொடுத்தால் போதுமானது. அது கண்ணாடியில் முட்டி முட்டிக் கேட்பதைப் பசி என்று நினைத்துப் பிள்ளைகள் போட்டுக்கொண்டே இருப்பார்கள். வீட்டில் தீனி போடுபவர் யாராவது ஒருவர்தான் என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்ததாக அடித்தளத்தைப் பாருங்கள். அழகுக்காகப் பரப்பிய சிறு கற்களுக்கு இடையில் கழிவு சிக்கிக் கெட்டு, கிளறினால் கூழ்முட்டை மணம் வரும். சிறு கற்களை ஆமை விழுங்கி விடும் அபாயமும் உண்டு. அவற்றை முழுவதும் அகற்றிவிட்டு வெறுங் கண்ணாடியாக விடலாம். வேண்டுமானால் ஆமையின் தலையை விடப் பெரிய கூழாங்கற்கள் சிலவற்றை மட்டும் வையுங்கள்.

அதன்பின் தண்ணீர் மாற்றும் முறை. வாரம் ஒருமுறை நான்கில் ஒரு பங்கை மாற்றுவது, மாதம் ஒருமுறை முழுவதையும் கொட்டிக் கழுவுவதை விட நல்லது. குழாய் வைத்து அடியிலுள்ள அழுக்கை இழுக்கும்போது வாயால் உறிஞ்சக் கூடாது. குழாயைத் தண்ணீரால் நிரப்பி, நுனியைப் பெருவிரலால் மூடி, கீழே இருக்கும் வாளிக்குள் இறக்கித் திறந்தால் தானாக ஓடும். ஆரோக்கியமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் சல்மொனெல்லா கிருமி இருக்கக்கூடும். அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டு முதல் 4 அங்குலத்துக்குச் சிறிய ஆமைகளை விற்பதற்குத் தடை இருப்பது, குழந்தைகள் அவற்றை வாயில் வைப்பதால் பரவிய இந்த நோயால்தான். தொட்டிச் சாமான்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

ஊற்றும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதையும் கேட்க வேண்டும். கந்தளாய்க் குளத்திலிருந்து சுத்திகரித்து வரும் குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். அகன்ற வாளியில் திறந்தபடி ஒரு நாள் வைத்த பின் ஊற்றுங்கள். கடற்கரையோரக் கிணறுகளில், குறிப்பாக ஆவணி, புரட்டாதியில் மழை வருவதற்கு முன்பு, தண்ணீர் உவர்க்கத் தொடங்கும். நாக்கில் உப்புத் தெரிந்தால் அந்தத் தண்ணீரை மாரி பிறக்கும் வரை தொட்டிக்குப் பயன்படுத்தாதீர்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் நாறினால் பில்டரைத் திறக்கலாம். பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பிழிந்து கழுவினால், கழிவைச் சிதைக்கும் நல்ல நுண்ணுயிர்கள் இறந்து, அடுத்த சில வாரங்களுக்குப் பில்டர் வெறும் சல்லடையாகவே வேலை செய்யும். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே பஞ்சை அலசுங்கள். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு, மூடிய வெளிப் பில்டரில் நின்றுபோன தண்ணீரை அப்படியே தொட்டிக்குள் பாய விடாமல் முதலில் கொட்டிவிட வேண்டும். பில்டர் பெட்டியில் எழுதியிருக்கும் லீற்றர் அளவு மீனை மனதில் வைத்துச் சொல்லப்படுவது. ஆமைக்கு அதன் இரண்டு மடங்கு கொள்ளளவு உள்ளதை வாங்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பிறகு மிஞ்சும் காரணம் தொட்டி சிறியது என்பதுதான். அப்போது பெரிய கண்ணாடித் தொட்டிக்குப் பணம் போடுவதை விட 200 லீற்றருக்கு மேற்பட்ட பிளாஸ்டிக் தொட்டி மலிவாக முடியும். என் தொழிலுக்கு நட்டமான ஆலோசனை என்றாலும் ஆமைக்கு அதுவே வசதி.

அறிகுறி: தண்ணீர் பச்சையாகிறது

வெயிலும் கழிவும் சேர்ந்தால் பாசி வரும். ஆமைக்கு அதனால் பெரிய தீங்கில்லை. தொட்டியின் தண்ணீர்ப் பகுதிக்கு நிழல் கொடுத்து மேடைக்கு மட்டும் வெளிச்சம் விழச் செய்யுங்கள். மேலே சொன்னபடி தண்ணீரை மாற்றுங்கள். ஓட்டில் படர்ந்த பாசியை மெல்லிய பல்துலக்கியால் தேய்த்தால் போகும். மீன் கடையில் விற்கும் பாசிநீக்கி மருந்துகள் வேண்டாம்.

அறிகுறி: ஆமை மேடையில் ஏறுவதே இல்லை

தண்ணீர் 30 பாகைக்கு மேல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். தண்ணீரே சூடாக இருந்தால் ஆமைக்கு மேலே வந்து காயத் தேவையில்லை. கச்சான் காற்று வீசும் ஆனி முதல் ஆவணி வரையான காலத்தில் பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும். தகரக் கூரைக்கோ சீற் கூரைக்கோ கீழே இருக்கும் தொட்டி இரவிலும் ஆறாது. ஹீற்றர் இருந்தால் பிளக்கைக் கழற்றி, அது ஆறிய பின் தொட்டியிலிருந்து வெளியே எடுத்து விடுங்கள். வெப்பம் கட்டுப்படுத்தும் பகுதி பழுதாகி, நிற்காமல் சூடாக்கிக்கொண்டே இருந்த ஹீற்றர்களை நான் அடிக்கடி காண்கிறேன். தொட்டியை மேற்குச் சுவரிலிருந்து நகர்த்துவதும், தண்ணீரின் அளவைக் கூட்டுவதும், மேற்பரப்பில் காற்றுப் படும்படி சிறிய மின்விசிறியை வைப்பதும் இரண்டு மூன்று பாகையைக் குறைக்கும். ஐஸ்கட்டியைப் போட்டுத் திடீரென்று குளிர வைக்கக் கூடாது.

தண்ணீர் சரியாக இருந்தால் மேடையைப் பாருங்கள். வழுவழுப்பான கண்ணாடித் துண்டில் ஏறும்போது நகங்கள் பிடிப்பில்லாமல் சறுக்கும். சற்றே சொரசொரப்பான தட்டையான கல்லோ, கூரை ஓட்டுத் துண்டோ, 30 பாகைக்கு மேற்படாத சரிவில் தண்ணீருக்குள் இறங்கும்படி அமைந்தால் ஏறும். மிதக்கும் மேடை ஆமையின் பாரத்தால் அமிழ்ந்தால் ஓடு முழுமையாக உலராது. முழு உடலும், அடிவயிறும், நீருக்கு மேலே வர வேண்டும்.

மேடையும் சரி என்றால் விளக்கைச் சோதியுங்கள். வெள்ளை எல்.ஈ.டி. விளக்கு வெளிச்சம் மட்டுமே தரும்; சூடு தராது. மறுபுறம், கச்சான் காலத்தில் சூடு தரும் விளக்கை மூடிய தொட்டிக்குள் போட்டால் மேடை 40 பாகையைத் தாண்டும், ஆமை வந்து தொட்டுப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். விளக்கை உயர்த்துங்கள், அல்லது அந்த மாதங்களில் காலை மட்டும் போடுங்கள். கடைசியாக, தொட்டி இருக்கும் இடம்: ஆட்கள் நடமாடும் வழியிலோ நாயின் கண்ணுக்கு நேரேயோ இருந்தால், யாரும் இல்லாதபோது ஏறி, காலடிச் சத்தம் கேட்டதும் குதித்து விடும். அப்படியானால் கோளாறே இல்லை. மேடையில் ஈரத் தடம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரியும்.

இதற்கு நேர் எதிராக ஆமை மேடையை விட்டு இறங்காமல் கிடந்தால், தண்ணீர் குளிர்ந்திருக்கிறதா, குளோரின் இருக்கிறதா, அழுகியிருக்கிறதா என்று அந்த வரிசையில் பாருங்கள். தண்ணீரில் குற்றமில்லை என்றால் நோயாக இருக்கலாம்.

வெயிலில் வைத்த கண்ணாடித் தொட்டியில் ஆமை வாயில் நுரை தள்ளி, கால்கள் துவண்டு கிடந்தால், உடனே நிழலுக்கு எடுத்துச் சாதாரணத் தண்ணீரால் உடலை நனைத்துக்கொண்டே மிருக வைத்தியரை அழையுங்கள். தண்ணீரில்லாத மூடிய கண்ணாடித் தொட்டி நேர் வெயிலில் சில நிமிடங்களிலேயே கொல்லும் சூட்டை அடையும்.

அறிகுறி: ஓடு மெதுமெதுப்பாக இருக்கிறது, அல்லது விளிம்பு மேல்நோக்கி வளைகிறது

சில மாதக் குஞ்சின் ஓட்டு விளிம்பு சற்றே வளைந்து கொடுப்பது இயல்பு. நடுமுதுகை விரலால் மெல்ல அழுத்தும்போது குழிந்தாலோ, கீழ்த்தாடை மென்மையாக இருந்தாலோ, நடக்கும்போது வயிற்றைத் தூக்க முடியாமல் இழுத்தாலோ அது சுண்ணாம்புச் சத்துக் குறைபாடு. இங்கே இந்நோய் கூடுதலாகத் தெரிய வருவது தையில். மார்கழி மழையில் பல நாட்கள் சூரியனே தெரியாத பிறகு.

எளிய காரணம் வெயிலின்மை. வெயில் படும் ஜன்னலோரம் வைத்திருக்கிறோமே என்பார்கள். ஓட்டை உறுதியாக்க உதவும் புற ஊதாக் கதிரை ஜன்னல் கண்ணாடியும் தொட்டிக் கண்ணாடியும் தடுத்துவிடும். உள்ளே வருவது வெளிச்சமும் சூடும் மட்டுமே. செலவில்லாத தீர்வு, காலை 7 மணிக்கும் 8.30க்கும் இடையில் அரைமணி நேரம், ஒரு பேசினில் சிறிது தண்ணீர் விட்டு, பாதிக்கு நிழல் இருக்கும்படி முற்றத்தில் வைப்பது. மேலே கம்பி வலை போட்டுக் கல் வைக்க வேண்டும்; காகம் குஞ்சைத் தூக்கிக்கொண்டு போக ஒரு நொடி போதும். நிழல் விழுந்திருந்த பாதி சூரியன் நகர நகர மாறும் என்பதால் வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடக் கூடாது.

அடுத்த காரணம் உணவு. உலர்ந்த இறாலை மட்டும் தின்று வளரும் ஆமைக்கு எந்த வெயிலும் உதவாது. ஆமைக்கான உருண்டைத் தீனியை அடிப்படையாக வைத்து, வளர வளர இலையுணவைக் கூட்டுங்கள்: வல்லாரை, முருங்கையிலை, துருவிய கரட், பூசணி. பசளியைத் தினமும் கொடுக்காதீர்கள். அதிலுள்ள அமிலம் சுண்ணாம்பைப் பிணைத்து வீணாக்கும். முற்றத்தில் வல்லாரை வளர்ப்பவர்கள் வேலி போடுங்கள். கோட்டைப் பக்கத்திலிருந்து இரவில் இறங்கி வரும் புள்ளிமான்களுக்கு அது ஆமையை விட முன்பே தெரிந்துவிடும். சுண்ணாம்புச் சத்துக்கு நம்முடைய ஊரில் பணம் செலவழிக்க வேண்டியதில்லை. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கணவாய் ஓட்டை எடுத்து, முதுகுப் பக்கத்தின் கடினமான தகட்டைப் பிரித்தெறிந்து, வெள்ளைப் பகுதியை நல்ல தண்ணீரில் சில நாட்கள் தண்ணீரை மாற்றி மாற்றி ஊற வைத்து உப்பை எடுத்து, காய வைத்து, ஒரு துண்டைத் தொட்டியில் மிதக்க விடுங்கள், வேண்டியபோது கடித்துக்கொள்ளும். நாட்டு மருந்துக் கடையில் கடல்நுரை என்ற பெயரில் கிடைப்பதும் இதுதான்.

மூன்றாவது, செலவுள்ள தீர்வு, புற ஊதாக் கதிர் தரும் யூ.வி.பி. விளக்கு. மாரி காலத்துக்காகவும் மாடி வீடுகளில் முற்றமில்லாதவர்களுக்காகவும் இது வேண்டும். மேடையிலிருந்து 25 முதல் 30 சென்ரிமீற்றர் உயரத்தில், இடையில் கண்ணாடியோ பிளாஸ்டிக் மூடியோ இல்லாமல் பொருத்துங்கள். அது எரிந்துகொண்டிருந்தாலும் 6 முதல் 12 மாதத்துக்குள் புற ஊதாக் கதிர் குறைந்துவிடும். வாங்கிய மாதத்தை விளக்கின் அடியில் எழுதி வையுங்கள். ஆமை உடலைத் தூக்க முடியாத நிலையில் இருந்தாலோ, கால் வளைந்திருந்தாலோ, இவற்றால் மட்டும் சரிவராது. எக்ஸ்ரே எடுக்கவும் ஊசி போடவும் வைத்தியர் வேண்டும்.

அறிகுறி: கண்கள் வீங்கி மூடியிருக்கின்றன

முதல் வேலை தண்ணீரை மாற்றுவது. அழுகிய தண்ணீரும், நேரே குழாயிலிருந்து பிடித்த குளோரின் தண்ணீரும் கண்ணை எரிக்கும். இரண்டாவது காரணம் உயிர்ச்சத்து ஏ குறைவு. இதுவும் உலர் இறால் மட்டும் கொடுத்த வீடுகளிலேயே வரும். காதுக்கு மேல் பட்டாணி அளவு புடைப்பும் சேர்ந்து காணப்பட்டால் அது சீழ்க்கட்டி. அதை வைத்தியர் வெட்டி எடுக்க வேண்டும், வீட்டில் பிதுக்கக் கூடாது. ஆமை கண்ணால் பார்த்தே தீனியைத் தேடுவதால், கண் மூடிய ஆமை பட்டினி கிடக்கும். நல்ல தண்ணீரில் மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால் வைத்தியரிடம் கொண்டு போங்கள். மனிதருக்கான கண்மருந்தை விடாதீர்கள். உயிர்ச்சத்து ஏ ஊசியின் அளவு மிஞ்சினால் தோல் உரிந்து போகும் என்பதால் அதையும் வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

அறிகுறி: ஒரு பக்கமாகச் சாய்ந்து மிதக்கிறது, மூக்கில் குமிழி வருகிறது, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது

இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை. நுரையீரலில் தொற்று ஏற்பட்டிருக்கலாம்; அன்றோ மறுநாளோ மிருக வைத்தியரிடம் போக வேண்டும். மாரி காலத்து வாடைக் காற்று நேரே படும் விறாந்தையிலும், இரவில் குளிரூட்டி ஓடும் அறையிலும் வைத்த தொட்டிகளில் இது வரும். போகும் வரை தண்ணீரைக் கழுத்தளவுக்குக் குறைத்து, 28 பாகையில் வைத்து, காற்றுப் படாமல் பாருங்கள். இந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான் ஹீற்றர் இங்கே உண்மையில் பயன்படும்.

எல்லா மிருக வைத்தியரும் ஆமை பார்ப்பதில்லை; நம்முடைய பக்கத்தில் பெரும்பாலானோர் மாடும் ஆடும் நாயும் பார்த்துப் பழகியவர்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். தேவை ஏற்பட்டால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்து மருத்துவமனைக்கு அனுப்பி வைக்கும்படியும் கேட்கலாம். நாட்டில் இருக்கும் ஒரே மிருக வைத்திய பீடம் அதுதான். ஆமையைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு போகாதீர்கள். காற்றுத் துளையிட்ட பெட்டியில் ஈரத் துவாய் விரித்து வையுங்கள். தொட்டியின் படம், எடுத்து வைத்த வெப்பநிலைகள், கொடுத்த தீனியின் உறை ஆகியவற்றைக் கொண்டு போனால் பாதிக் கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும். ஒட்டுண்ணிக்காக நாய்க்கும் மாட்டுக்கும் போடும் ஐவர்மெக்டின் மருந்து ஆமைக்கு நஞ்சு. மருந்தின் பெயரைப் பணிவாகக் கேட்டுத் தெரிந்துகொள்வதில் தவறில்லை.

அறிகுறி: ஓட்டில் வெள்ளைப் படலம், அல்லது ஓடு உரிகிறது

உலர்ந்ததும் தெரிந்து, நனைந்ததும் மறையும் வெள்ளை, கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பு. தொட்டிக் கண்ணாடியிலும் அதே கோடு இருக்கும். தொட்டியை வெறுமையாக்கிக் கண்ணாடியை வினாகிரியால் துடைத்துக் கழுவலாம், ஓட்டில் வினாகிரி பூச வேண்டாம். மெல்லிய, ஊடு தெரியும் தகடுகளாக முழுமையாகக் கழன்று விழுந்து அடியில் புதிய ஓடு பளிச்சென்று இருந்தால் அது வளர்ச்சி, பிய்த்தெடுக்காமல் விடுங்கள்.

குழி, இளஞ்சிவப்பு, மென்மை, கெட்ட மணம் இவற்றில் ஒன்று இருந்தால் ஓடு அழுகத் தொடங்கியிருக்கிறது. முழுமையாகக் காய முடியாத மேடையே இதற்கு முதற் காரணம். புண் மேலோட்டமாக இருந்தால், போவிடோன் அயோடினைத் தேநீர் நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து, தினமும் ஒருமுறை பஞ்சால் ஒற்றி, அரைமணி நேரம் உலர விட்டு, பின் தண்ணீரில் விடுங்கள். ஒரு வாரத்தில் குழி காய்ந்து உறுதியாகாவிட்டாலும், விரலுக்கு மெத்தென்று பட்டாலும், வைத்தியர் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

அறிகுறி: சாப்பிட மறுக்கிறது

புதிதாக வந்த ஆமை ஒரு வாரம் தின்னாமல் இருப்பது வழக்கம். பழைய ஆமை என்றால் தண்ணீர் 24 பாகைக்குக் கீழே போயிருக்கிறதா என்று பாருங்கள். குளிர்ந்தால் செரிக்காது, செரிக்காததால் தின்னாது. வளர்ந்த பெண் ஆமை தீனியை விட்டுவிட்டு, தொட்டியின் மூலையைப் பின்கால்களால் தோண்டுவது போலச் சுரண்டிக்கொண்டிருந்தால் முட்டையிட இடம் தேடுகிறது. ஆண் இல்லாமலும் முட்டை உருவாகும். 25 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு ஈர மணல் போட்ட பெட்டியில் தனியாக விடுங்கள். அதன் பிறகும் இடாமல், சோர்ந்து, முக்கிக்கொண்டிருந்தால் முட்டை சிக்கியிருக்கும். வைத்தியரிடம் தாமதிக்காமல் போக வேண்டும்.

அறிகுறி: தொட்டி கசிகிறது

கசிவு என்று தோன்றுவது, பில்டர் குழாயோரமாகவோ ஆமை குதித்தோ சிந்திய தண்ணீராகவும் இருக்கலாம். வெளிப்புறத்தை உலரத் துடைத்து, ஒவ்வொரு மூலையிலும் மெல்லிய காகிதத்தை ஒட்டி வைத்து ஒரு மணி நேரம் பாருங்கள். நனையும் காகிதம் இடத்தைக் காட்டும்.

மேசை மட்டமாக இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. 90 சென்ரிமீற்றர் நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள தொட்டியை முழுவதும் நிரப்பினால் தண்ணீர் மட்டும் 180 கிலோவுக்கு மேல். ஒரு கால் தாழ்ந்த மேசையில் அந்தப் பாரம் ஒரே மூலையை முறுக்கும். மேசையைச் சரிசெய்யாமல் ஒட்டினால் மறுபடி கசியும். மூட்டில் கசிந்தால், தண்ணீரை முழுவதும் எடுத்து, உட்பக்கத்துப் பழைய சிலிக்கனைச் சவர அலகால் சுரண்டியெடுத்து, வினாகிரியால் துடைத்து உலர்த்தி, புதியதை இடுங்கள். பழைய சிலிக்கனின் மேல் புதியது பிடிக்காது. கசியும் இடத்தில் மட்டும் மேலே பூசுபவர்கள் அடுத்த மாதமே திரும்ப அழைப்பார்கள். குளியலறைக்கான பூஞ்சணத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கன் வேண்டாம். இரண்டு நாள் காய விட்டு, ஆமையில்லாமல் ஒரு நாள் தண்ணீர் நிரப்பிப் பாருங்கள். கண்ணாடியிலேயே கீறல் ஓடியிருந்தால் ஒட்டு வேலை செய்யாமல் அந்தப் பலகையை மாற்ற ஆளை அழையுங்கள்.

அறிகுறி: பில்டரைப் போட்டதும் ட்ரிப் சுவிட்ச் விழுகிறது

சுவிட்ச்சைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிடாதீர்கள். அது உங்களைக் காப்பாற்றுகிறது. தண்ணீருக்குள் கை வைப்பதற்கு முன் எல்லாப் பிளக்குகளையும் கழற்றுங்கள். பிளக்கும் சொக்கெற்றும் நனைந்திருக்கிறதா, கடற்காற்றால் பச்சை பூத்திருக்கிறதா, ஆமை கடித்து வயரின் தோல் உரிந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொன்றாகச் செருகி எது விழ வைக்கிறது என்று கண்டுபிடித்தால் அந்தப் பொருளை மாற்றினால் போதும். வயரை, சொக்கெற்றுக்குக் கீழே ஒரு வளைவு தொங்கி மேலேறும்படி அமைத்தால் வயர் வழியே ஓடும் தண்ணீர் வளைவில் சொட்டிவிடும், பிளக்குக்குள் போகாது. எதையும் செருகாமலே விழுந்தாலோ, வீட்டில் ட்ரிப் சுவிட்ச்சே இல்லை என்றாலோ மின் வேலை தெரிந்தவரை அழைக்கும் வரை தொட்டியில் மின்சாரம் வேண்டாம்.

அறிகுறி: தொட்டியில் ஆமையைக் காணவில்லை

பில்டர் குழாயையும் மேடையையும் ஏணியாக்கி ஏறிவிடும். அலுமாரிக்கு அடியிலும், ஈரமுள்ள குளியலறை மூலையிலும், தண்ணீர்ப் பானைக்குப் பின்னாலும் தேடுங்கள். கிடைத்ததும் நேரே ஆழத் தண்ணீரில் விடாமல், ஆழம் குறைந்த பேசினில் விட்டு அது நீந்தும் தெம்போடு இருக்கிறதா என்று பாருங்கள். தண்ணீர் மட்டத்துக்கும் விளிம்புக்கும் இடையில் ஓட்டின் நீளத்துக்குக் குறையாத உயரம் இருக்க வேண்டும். மேடைக்கு நேர் மேலே கம்பி வலை மூடி போடுங்கள்.

அறிகுறி: தொட்டிக்குள் திரும்ப இடமில்லாமல் வளர்ந்துவிட்டது

பெண் ஆமை 25 முதல் 30 சென்ரிமீற்றர் வரை வளரும். 20, 30 வருடம் வாழும். கையடக்கக் குஞ்சை வாங்கும்போது கடைக்காரர் இதைச் சொல்வதில்லை. கன்னியாப் பக்கத்துக் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டுவிடலாம் என்ற யோசனை எல்லோருக்கும் வரும், விடாதீர்கள். செங்காது ஆமை உலகின் மிக மோசமான 100 அந்நிய ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. பாலாமையும் கறுப்பாமையும் வாழும் நீர்நிலையில் அவற்றின் உணவையும் வெயில் காயும் இடத்தையும் அது பிடித்துக்கொள்ளும், நோயையும் கொண்டு சேர்க்கும். இடமுள்ள வேறு வளர்ப்பவருக்குக் கொடுங்கள், அல்லது முற்றத்தில் சீமெந்துத் தொட்டி கட்டுங்கள்.

புதிய சீமெந்து சுண்ணாம்பைக் கக்கும் என்பதால், இரண்டு மூன்று வாரம் தண்ணீர் நிரப்பி நிரப்பி வெளியேற்றிய பின்பே ஆமையை விட வேண்டும். மூன்றில் இரண்டு பங்குக்குத் தென்னோலையோ நிழல் வலையோ போட்டு, ஒரு மூலையை மட்டும் வெயிலுக்குத் திறந்து விடுங்கள். சுற்றுச் சுவர் 40 சென்ரிமீற்றருக்குக் குறையாமல், மேல் விளிம்பு உள்நோக்கி நீண்டிருக்கட்டும். நாயும் உடும்பும் காகமும் வராதபடி மேலே வலை வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் கொட்டும் மழைக்குத் தொட்டி நிரம்பி வழிந்தால் ஆமை அந்தத் தண்ணீரோடு மிதந்து போய்விடும். ஆகவே விளிம்புக்கு ஒரு சாண் கீழே வழிந்தோடும் குழாய் ஒன்றைப் பதித்து, அதன் வாயில் துருப்பிடிக்காத வலையைக் கட்டி, இலை அடைத்திருக்கிறதா என்று மழைக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.